ஜெமீல் ஹாஜியார் பிரீஆம்பை மாற்ற நினைத்த கதை

ஒலிக்கருவி பழுதுபார்க்கிறவனுக்கு ஒரு பெரிய சங்கடம் உண்டு: கருவியைக் கழற்றிப் பார்க்கலாம், வாடிக்கையாளரின் காதைக் கழற்றிப் பார்க்க முடியாது.

கல்முனை பஸாரில் நெடுங்காலமாகக் கடை வைத்திருக்கிறேன். பள்ளிவாசல் மைக்செட், கலியாண வீட்டு ஸ்பீக்கர், பாட்டை விழுங்கும் கசெட் பிளேயர் என்று எல்லாம் என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. நீங்கள் தையற்கடை வைத்திருக்கலாம், மருந்துக்கடை வைத்திருக்கலாம். "இதை மாற்றலாமா, வேண்டாமா?" என்று கேட்டு, சொன்ன பதிலைக் காதில் வாங்காமல் போய், அடுத்த கிழமை அதே கேள்வியோடு வந்து நிற்கும் ஒருவர் உங்களுக்கும் வாய்த்திருப்பார். எனக்கு வாய்த்தவர் ஜெமீல் ஹாஜியார். பஸாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். குவைத்தில் வேலை செய்த காலத்தில், ஊர் திரும்பும் வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவரிடமிருந்து ஒரு செட் வாங்கி வந்திருந்தார். ரெக்கோட் பிளேயர், பிரீஆம்ப், பவர் ஆம்ப், ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு. அந்தத் தரத்தில் ஒன்றை எங்கள் பஸார் அதற்கு முன் கண்டதில்லை. பிரீஆம்பை மாற்றலாமா என்று அவர் கேட்கத் தொடங்கியது சுனாமி வந்த அடுத்த வருடம். முடித்தது யுத்தம் ஓய்ந்ததற்குப் பிறகு.

அந்தக் கேள்விக்குள் இன்னொன்றும் இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மகள் கலியாணம் முடித்தால் வீடு அவள் பெயருக்குப் போகும். தாயும் தகப்பனும் பின்வளவில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். ஹாஜியாருக்கு நஸ்ரின் என்று ஒரே மகள், பாடசாலை ஆசிரியை, கலியாணப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. நல்ல பெட்டி ஒன்றை எடுத்தாலும் அதை எங்கே உட்கார்ந்து, எத்தனை நாள் கேட்பது? இதை ஹாஜியார் வாய்விட்டுக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகத்தான் பிரீஆம்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தயிரும் மோரும்

பிரதான வீதிக்கு மேற்கே இருந்ததால் ஹாஜியாரின் வீட்டுக்குக் கடல் வரவில்லை. அவருடைய மனைவி ஸுபைதா ராத்தாவின் தங்கைமார் இருவர், கடற்கரைப் பக்கம் இருந்தவர்கள், குடும்பங்களோடு வந்து ஹோலில் தங்கினார்கள். எல்லோரும் வந்து சேரவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். பல மாதம் அந்தச் செட்டை யாரும் தொடவில்லை. ஒரு பின்னேரம், வந்த நாள் முதல் வாய் திறவாமல் இருந்த கடைசித் தங்கையின் கணவர் கரீம், "மச்சான், அதப் போடுங்களன், மெல்லமா" என்றார். ஹாஜியார் ஒரு வீணை ரெக்கோட்டைப் போட்டார். அன்று கேட்ட சத்தத்தை அந்தச் செட்டில் தான் ஒருநாளும் கேட்டதில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

விருந்தாளிகளுக்குத் தற்காலிகக் கொட்டில்கள் கிடைத்தன, போனார்கள். அடுத்த கிழமையே ஹாஜியார் கடைக்கு வந்துவிட்டார். சத்தம் குத்துகிறதாம். உப்புக்காற்று பிரீஆம்புக்குள் புகுந்துவிட்டதாம். டோஹாவில் இருக்கும் தம்பி லீவில் வரும்போது புதிதாக ஒன்று கொண்டுவரச் சொல்லலாமா? நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உப்பும் இல்லை, துருவும் இல்லை. மீற்றரை வைத்து அளந்தேன். ஒரு குறையும் இல்லை. இந்த விஷயத்தில் வெளிநாட்டுச் சஞ்சிகைகள் நிறைய வாசித்தவன் நான். அவற்றில் எழுதுகிறவர்கள் சத்தத்துக்குக் கறுப்பு மௌனம் என்றும் வெல்வெட் என்றும் பெயர் வைப்பார்கள். அந்த ஞானத்தோடு, "மேல் சுரத்தில் கொஞ்சம் கடுமை தெரிகிறதா?" என்று கேட்டேன். ஹாஜியார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தம்பி, அண்டைக்கு அது சட்டியக் கவுத்தாலும் விழாத எருமத் தயிரு. இப்ப மோரு. தயிரு எப்பிடி மோரானெண்டு ஒங்களுக்கே தெரியல்லெண்டா நான் ஆரிட்டப் போற?"

நடுவில் நிற்கும் பெட்டி

மேலும் ஆராய்வதற்காக வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி கொண்டுவந்த ஸுபைதா ராத்தா, பிரச்சினைக்குரிய பெட்டியைச் சுட்டிக்காட்டி இது என்ன செய்கிறது என்று கேட்டார். என்னிடம் இப்படிக் கேட்கக்கூடாது என்று பஸாரில் எல்லோருக்கும் தெரியும்; ராத்தாவுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இது பாடுவதில்லை, ராத்தா. பாட்டு ரெக்கோட்டில் இருக்கிறது. சத்தத்தை எழுப்புவது ஸ்பீக்கர். அதற்கு வலுக்கொடுப்பது பவர் ஆம்ப். இது இடையில் நிற்கிறது. ரெக்கோட்டிலிருந்து வருவது மிக மெல்லிய சங்கதி. அதைக் கேட்டு, கொஞ்சம் பெரிதாக்கி, எவ்வளவு சத்தமாகப் போகவேண்டும் என்று தீர்மானித்து, அடுத்த பக்கம் அனுப்புகிறது. தானாக ஒன்றையும் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. விலை ஏற ஏற அது செய்கிற வேலை குறைந்துகொண்டே போகும். ஆகத் திறமானது ஒன்றுமே செய்யாது.

இந்தக் கடைசி வசனத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. ராத்தா வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டார்.

"இத ஏன் தம்பி சுத்தி வளைக்கிறீங்க? கலியாணத் தரகன் எண்டு சொல்லுங்களன். அங்க மெல்லமாச் சொன்னத்த இஞ்ச வந்து பெலத்துச் சொல்லுவான். அவன்ட ஊட்டுல ஒரு கலியாணமும் நடக்கா."

நாலு பள்ளியும் ஒரு முழங்காலும்

ஹாஜியார் கடையை வேலையாட்களிடம் விட்டுவிட்டுப் பின்னேரம் வீட்டுக்கு வந்து ரெக்கோட் போடுவார். சற்றைக்கெல்லாம் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும். பாங்கு கேட்டால் பாட்டை அடக்குவது எங்களுக்குப் பழகிய மரியாதை. ஹாஜியார் கதிரையை விட்டு எழும்பிப் போய்ச் சத்தத்தைக் குறைப்பார். பாங்கு முடிய எழும்பிப் போய்க் கூட்டுவார். வந்து உட்காருவதற்குள் அடுத்த பள்ளியில் தொடங்கும். அந்த வீட்டுக்கு நாலு பள்ளியின் பாங்கு தெளிவாகக் கேட்கும். நாலும் ஒரே நேரத்தில் சொல்வதென்று இதுவரை உடன்பாடு எட்டப்படவில்லை. குவைத்திலிருந்து வந்த பிரீஆம்பில் ரிமோட் கிடையாது. ஒரு குமிழ், அதைத் திருப்ப ஒரு மனிதன். அவ்வளவுதான்.

உப்புக்காற்று வாதம் என் கடையில் தோற்றுப்போனதால், ஹாஜியார் முழங்கால் வாதத்தைக் கொண்டுவந்தார். புதிய பெட்டிகளில் ரிமோட் உண்டு; உட்கார்ந்தபடியே அடக்கலாம். மார்க்கத்துக்கு மரியாதை, முழங்காலுக்கு ஆறுதல். ராத்தாவுக்கும் கேட்கட்டும் என்று உரத்த குரலிலேயே இதை என்னிடம் சொன்னார். அது இரண்டு பக்கமும் கூரான வாதம் என்பதை நான் அப்போதே கவனித்தேன். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த ராத்தாவிடமிருந்து பதில் வந்தது.

"பாங்குக்கு எழும்புறத்துக்கே ரிமோட் தேடுற மனிசன், நாளைக்குத் தொழுகைக்கும் ஒண்டு தேடமாட்டாரெண்டு என்ன நிச்சயம்?"

சாவடியில் ஒரு பாடம்

இரண்டாவது தடவை சோதிக்கவேண்டும் என்று ஹாஜியார் பிடிவாதம் பிடித்ததால், பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கடைக்குப் புறப்பட்டேன். யுத்தம் திரும்பவும் சூடேறியிருந்த நேரம். வழியில் சோதனைச் சாவடி. கறுப்புநிறம், நல்ல கனம், பின்பக்கம் நிறைய ஓட்டைகள். ஆமிக்காரர் ஒருவர் "ரேடியோவா?" என்று கேட்டார். புத்தியுள்ளவன் "ஓம்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். நான் "இல்லை" என்றேன். "ஆம்பா?" "ஆம்புக்கு முந்தியது." நிலைமை மோசமடைவது அவருடைய முகத்தில் தெரிந்தது. சரியான சொல்லுக்காக வாழ்நாளில் நான் பட்ட பாடுகளுக்குள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போட்டுக்காட்டச் சொன்னார்கள். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையிலிருந்து வயர் இழுத்துக் கரண்ட் கொடுத்தேன். சிவப்பு லைட் ஒன்று பற்றியது, அவ்வளவுதான். குமிழைத் திருப்பினேன், ஒரு முனகல்கூட வரவில்லை. இன்னும் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். மூடியைக் கழற்றி உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகக் காட்டினேன். கேட்காததற்கும் விளக்கம் சொன்னேன். களைத்துப்போன அந்த ஆமிக்காரர், ஐயாவை மட்டும் சிங்களத்தில் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் எனக்குப் புத்தி சொல்லி அனுப்பிவைத்தார்.

"மாத்தயா, பாட்டு வாற பெட்டி பயம் இல்ல. லைட் பத்தும், பாட்டு வராது, அந்தப் பெட்டிதான் பயம்."

ஒரு நுளம்பை அடித்தபோது

இந்த முறையும் பழுது எதுவும் இல்லை. பெட்டியைத் திருப்பிக்கொண்டுபோய், வயர்களைக் கொடுத்துச் செட்டோடு பூட்டினேன். பெருநாளைக்காக ராத்தா ஹோலைக் கழுவி, திரைச்சீலைகளைக் கழற்றி, பாயையும் கதிரைகளையும் வெளியே போட்டிருந்தார். காதருகில் ஒரு நுளம்பு கடிக்க வந்து ரீங்கரித்தது. கைகளைத் தட்டி அடித்தேன். ஹோல் எனக்குப் பதில் சொன்னது. இன்னொரு தடவை தட்டினேன், நுளம்பு இல்லாமலே. சத்தம் சுவருக்குச் சுவர் ஓடித் தெறித்தது. ஓடு பதித்த தரை, வெறும் சுவர், மேலே கொங்கிறீட் தட்டு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஹாஜியாரை உட்காரவைத்துச் சொன்னேன். கரீம் கேட்டு நீங்கள் ரெக்கோட் போட்ட அன்றைக்கு இந்த ஹோலில் என்ன இருந்தது? நிவாரணத்துக்குக் கிடைத்த ஸ்பொஞ்ச் மெத்தைகள் சுவரெல்லாம் சாத்திக் கிடந்தன. உடுப்பு மூட்டைகள், நுளம்பு வலைகள், இரண்டு குடும்பத்துச் சனம். தெறிக்கிற சத்தத்தை எல்லாம் அவை குடித்துக்கொண்டன. மிஞ்சியதைத்தான் நீங்கள் தயிர் என்கிறீர்கள். பெட்டி அன்றும் இதேதான், இன்றும் இதேதான். அவர்கள் போனார்கள், சத்தம் மாறிற்று. எந்தப் பிரீஆம்பாலும் இதைத் திருத்த முடியாது. ஒரு நல்ல விளக்கத்தைச் சொல்லி முடித்த திருப்தியோடு நிமிர்ந்து பார்த்தேன். ஹாஜியார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தச் சத்தத்துக்கு அந்தச் சனமெல்லாம் திரும்ப ஊடு வாசலில்லாம இஞ்ச வந்து கிடக்கோணும். வேணாம் தம்பி, அல்லாஹ் காப்பாத்தோணும். மோரே போதும்."

மெத்தை கட்டிய சுவர்

மோரே போதும் என்றவர் அதோடு நிற்கவில்லை. சனம் வேண்டாம், மெத்தை போதும் என்று ஒரு சமரசத்துக்கு வந்திருந்தார். பூப்போட்ட ஸ்பொஞ்ச் மெத்தைகளை விலைக்கு எடுத்து, தன் கடை ஆணியாலும் தன் கடைக் கயிற்றாலும் மூன்று சுவரிலும் கட்டிவிட்டார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பார்க்க முடியவில்லை, கேட்க அருமையாக இருந்தது. தயிர் என்று ஒப்புக்கொண்டேன்.

அதே கிழமை, சம்மாந்துறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை ஸிஹானின் தாய்மாமன் ஒருவர், அரிசி ஆலைக்காரர், எதையும் கையால் தட்டிப் பார்த்தே நம்புகிறவர். கலியாணத்தில் கொடுக்கப்போகிற வீடு. அதன் சுவரில் மெத்தை கட்டியிருக்கிறது. சுனாமியில் வெடித்த சுவரை மறைத்திருக்கிறார்கள் என்று யார்தான் நினைக்கமாட்டார்கள்? தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்கள். பிறகு ஒரு செய்தியும் இல்லை. நஸ்ரின் வழக்கம்போலப் பாடசாலைக்குப் போய் வந்தாள். ராத்தா புருஷனோடு கதைப்பதை நிறுத்திக்கொண்டு, சொல்ல வேண்டியதை எல்லாம் என்னிடம் சொல்லியனுப்பினார். எனவே ஹாஜியாரோடு நானும் சம்மாந்துறைக்குப் போனேன். சத்தம் எப்படித் தெறிக்கிறது, ஸ்பொஞ்ச் எப்படிக் குடிக்கிறது என்று ஆலையின் இரைச்சலுக்கு நடுவில் நான் சொன்னதில் அந்தத் தாய்மாமனுக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. "மெத்தையெல்லாம் கழட்டியாச்சி, நீங்களே வந்து தட்டிப் பாருங்க" என்று ஹாஜியார் சொன்னது மட்டும் கேட்டது. வந்தார். ஹோலின் நாலு சுவரையும், கேளாமலே குசினிச் சுவரையும் தட்டினார். கடைசியில் ராத்தாவின் பக்கம் திரும்பித் தீர்ப்புச் சொன்னார்.

"செவரு நல்ல செவரு. வெடிப்பு ஊட்டுக்காரர்லதான் எங்கயோ இரிக்கி. அத நாங்க சீதனத்துல கேக்கல்லதானே, கலியாணத்தப் பேசுவம்."

வீடு கொடுத்த பிறகு

யுத்தம் முடிந்து, பாதைகள் திறந்து, கலியாணமும் முடிவாயிற்று. பின்வளவில் இரண்டு அறை எழும்பியது. டோஹாத் தம்பி அந்தக் கலியாணத்துக்கு வரவிருந்தார்; பெட்டி வேண்டுமா என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். இனித் தள்ளிப்போட முடியாது. ஹாஜியார் கடைக்கு வந்து உட்கார்ந்தார். முதல் தடவையாகச் சத்தத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பீக்கர்கள் புது வீட்டு வாசலால் உள்ளே போகாது; போனாலும் ஆள் வெளியே நிற்கவேண்டும். ஹோலில் விட்டால் அவை மருமகனுக்கு. விடுவதில் அவருக்கு வருத்தம் இல்லை. ஆனால் மருமகன் இருக்கிற ஹோலுக்குள் மாமன் நினைத்த நேரம் நுழைவது எங்கள் ஊரில் அழகில்லை. "இனி என்ட ஹோலுக்கு என்னய ஆராச்சும் கூப்பிட்டாத்தான் உண்டு" என்றார். நான் தொழில் முறையில் யோசனை சொன்னேன்: சின்னதாக ஒரு புதிய பிரீஆம்ப், காதில் மாட்டும் ஹெட்போன் ஒன்று, பின்வீட்டில் தனியாகக் கேட்கலாம். தலையாட்டிவிட்டுப் போனார்.

கலியாணம் முடிந்த முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஸிஹான் என்னைப் போனில் கூப்பிட்டார். செட் வேலை செய்யவில்லை. போய்ப் பார்த்தேன். ரெக்கோட் சுழல்கிறது, ஆம்ப் சூடாகிறது, ஸ்பீக்கர் இரண்டும் காவல்காரர் போல நிற்கின்றன. நடுத்தட்டு காலி. எனக்கு விஷயம் விளங்கிற்று. முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டேன். "இதில் ஒரு பெட்டி குறைகிறது, தம்பி. மாமாவிடம் இருக்கும்" என்றேன். ஸிஹான் பின்கதவில் போய் நின்று, "மாமா, அந்தப் பெட்டிய எடுத்துக்கிட்டு ஒருக்கா வாங்களன்" என்று கூப்பிட்டார். ஸ்திரிக்கை போட்ட சேட்டோடு, பெட்டியைப் புதுச் சாரனில் சுற்றி மார்போடு அணைத்தபடி, கூப்பிட்ட சத்தம் அடங்குவதற்குள் ஹாஜியார் வந்துவிட்டார். தானே பூட்டினார். நஸ்ரின் தேத்தண்ணி கொண்டுவந்தாள். மாமனும் மருமகனும் அஸர் வரை கேட்டார்கள். பாங்கு சொல்ல, பெட்டியைக் கழற்றிச் சாரனில் சுற்றிக்கொண்டு ஹாஜியார் பின்வீட்டுக்குப் போனார்.

ஒவ்வொரு வெள்ளியும் இப்படியே நடந்தது. பிள்ளை பிறந்த பிறகு செவ்வாயும் சேர்ந்துகொண்டது. ஸிஹான் நினைத்தால் என் கடையிலேயே ஒரு பிரீஆம்ப் எடுத்திருக்கலாம். ஒருமுறை வந்து தட்டில் இருந்த ஒன்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விலை கேட்காமல் இரண்டு பற்றரி வாங்கிக்கொண்டு போய்விட்டார். நானும் விற்க முந்தவில்லை. கலியாணத்துக்கு வெறுங்கையோடு வந்துபோன டோஹாத் தம்பி, அடுத்த லீவுக்கு முன்னும் விடாமல் போன் எடுத்தார். அந்த நேரம் ஹாஜியார் என் கடையில்தான் இருந்தார். மற்றப் பக்கத்தில் பெட்டியின் பெருமைகள் ஓடிக்கொண்டிருந்தன. ரிமோட் என்ற சொல் எனக்கே கேட்டது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஹாஜியார் இத்தனை வருடக் கேள்விக்கும் பதில் சொன்னார்.

"வேணாம் தம்பி. புதுசு வந்தா பழசு ஹோல்லயே நிண்டுரும். அதுக்குப் பொறகு என்னய ஆரு கூப்பிடப்போற?"

இப்போதெல்லாம் பிரீஆம்பை மாற்றலாமா என்று யாராவது கேட்டு வந்தால், பெட்டி எந்தக் கம்பெனி என்று விசாரிப்பதற்கு முன் வீடு யாருடைய பெயரில் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்கிறேன்.